படத்துப் பங்களாவில் சென்னப்பன்

பக்கவாதம் வந்த பிறகு சென்னப்பனுக்குக் கால் திரும்பி வந்தது. வலது கையும் பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் ஏலம் விட்டே தலை நரைத்தவர் அவர். விடியற்காலையில் அவர் குரல் எழும்பினால் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்பார்கள். ஆந்திராவிலிருந்து வந்த வியாபாரிக்குத் தெலுங்கிலும், பெங்களூர்க்காரருக்குக் கன்னடத்திலும், உள்ளூர் ஆளுக்குத் தமிழிலும் மூச்சு விடாமல் விலை சொல்வார். அந்த மூன்று பாஷையும் ஒரே காலையில் போய்விட்டது. மிஞ்சியது ஒரு சொல்தான். "அதான்."

தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான். கொசு கடித்தாலும் அதான். ஆமாம் என்பதற்கும் தலையாட்டுவார், இல்லை என்பதற்கும் அதே தலையாட்டல். ஓசூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு அட்டை கொடுத்திருந்தாள். அதில் சோறு, தண்ணீர், கக்கூஸ், தலைவலி, விசிறி என்று கட்டம் கட்டமாகப் படம் போட்டிருக்கும். வேண்டியதைத் தொட்டுக் காட்ட வேண்டும். சென்னப்பன் பாதி நாள் எல்லாக் கட்டத்தையும் தொடுவார். மீதி நாள் அட்டையைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் மனைவி மாதம்மாள் அவர் முகத்தைப் பார்த்தே எதையாவது ஊகித்துச் செய்வாள். சில சமயம் சரியாக இருக்கும். தப்பாக இருந்தால் அவர் இடது கையால் தன் தொடையில் அடித்துக்கொள்வார்.

அந்தப் பங்களாவுக்குப் போகலாம் என்று சொன்னது மகள் சௌமியா. அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், கல்யாணமாகி அங்கேயே குடியிருக்கிறாள். லீவு நாளில் அப்பாவைப் பார்க்க வருவாள்.

"தளிக்குப் போற வழியில ஒரு பழைய பங்களா இருக்குதும்மா. பெங்களூர்க்காரங்க யாரோ இருந்த வீடு. புள்ளகுட்டி இல்லாததால டிரஸ்டுக்கு எழுதி வெச்சிட்டுப் போயிட்டாங்களாம். உள்ள பூரா படம், சிலை. சுத்தியும் தோட்டம். டிக்கெட்டே கெடையாது, யாரு வேணா போலாம்."

"படத்தைப் பாத்து அவுருக்கு என்னா ஆவப்போவுது?" என்றாள் மாதம்மாள்.

"பேச்சு மேடம் சொன்னாங்க இல்ல, புதுசா எதாச்சும் காட்டுங்கன்னு. வீட்டுக்குள்ளயே ஒக்கார வெச்சிருந்தா எப்பிடிம்மா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌமியா வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தாள். மாதம்மாள் அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, நான்கு கால் ஊன்றுகோலைத் துடைத்துக் கொடுத்தாள். வழியெல்லாம் அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பசுமைக்குடில்களின் பாலித்தீன் கூரைகள் மலைச்சரிவு முழுக்க வெயிலில் மின்னின.

ஊர்க்காரர்கள் அதைப் படத்துப் பங்களா என்றுதான் சொன்னார்கள். கல் கட்டடம், ஓட்டுக் கூரை, முன்னால் வட்டமாக ரோஜாப் பாத்திகள், ஓரத்தில் உயரமான சில்வர் ஓக் மரங்கள். புல்லில் பெங்களூரிலிருந்து வந்த பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று குளிர்ந்து வீசியது. சென்னப்பனுக்கு மப்ளரைச் சுற்றிவிட்டாள் மாதம்மாள்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்கள். கூடத்தில் வீட்டுக்காரர்களின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. கோட்டுப் போட்ட ஒரு ஒல்லி மனிதர், நாற்காலியில் பட்டுப் புடவையில் ஓர் அம்மாள், காலடியில் ஒரு நாய்.

"நாயையும் இல்ல சேத்து வரைஞ்சிருக்காங்க," என்றாள் மாதம்மாள்.

அடுத்தடுத்த அறைகளில் கப்பல், குதிரை, தாடி வைத்த துரை, பித்தளை நடராஜர், கண்ணாடிப் பெட்டிக்குள் தந்தப் பொம்மை. ஓர் அறையில் காய்கறிக் கூடை ஒன்றை வரைந்து மாட்டியிருந்தார்கள். பழுத்த தக்காளிகள் கூடையிலிருந்து மேசைமேல் உருண்டு கிடந்தன. சௌமியா ஆசையோடு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இங்க பாருங்க, தக்காளி!"

சென்னப்பன் அதைப் பார்த்தார். பிறகு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அவ்வளவுதான். சௌமியாவின் முகம் வாடியது.

பின்கட்டுக்குப் போகும் நடையில், ஜன்னலை ஒட்டி, அளவில் சின்னதாக ஒரு படம் இருந்தது. மாதம்மாள் அதைத் தாண்டியே போய்விட்டாள். பின்னால் ஊன்றுகோல் சத்தம் நின்றதும் திரும்பினாள். சென்னப்பன் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஓர் ஏரிக்கரை. கரையில் ஒரு புளியமரம், மரத்தில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். தூரத்தில் கரைமேல் ஒரு பெண் நடந்து போகிறாள், முதுகு மட்டும்தான் தெரிகிறது. தண்ணீர்மேல் சாயங்கால வெளிச்சம். வேறொன்றும் இல்லை.

"அதான்," என்றார்.

"என்னாங்க?"

"அதான். அதான்."

அவர் மூச்சு வேகமாகிவிட்டது. இடது கையை நீட்டிப் படத்தைக் காட்டினார், மாதம்மாளைப் பார்த்தார், மறுபடி படத்தைக் காட்டினார். இத்தனை மாதங்களில் அவர் அப்படி அவள் கண்ணைப் பார்த்ததில்லை.

"தெரிஞ்ச எடமா? எந்த ஊருங்க? நம்ம பக்கமா?"

தலையாட்டினார்.

"நம்ம பக்கம் இல்லியா?"

அதற்கும் தலையாட்டினார்.

"அந்த பொம்பளயத் தெரியுமா? சைக்கிளா? சைக்கிளு யாருதுங்க?"

சென்னப்பன் ஊன்றுகோலை விட்டுவிட்டார். அது தரையில் விழுந்த சத்தத்துக்கு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஓர் அடி முன்னால் போய், படத்தின் சட்டத்தை இடது கையால் பற்றிக்கொண்டார். படம் ஆணியில் சாய்ந்தது.

"முட்டபேடி! முட்டபேடி, சாமி!" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு காவல்காரர் ஓடி வந்தார். தொடக்கூடாது என்று அவர் சொன்னது சென்னப்பன் காதில் விழவில்லை. காவல்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்து விலக்கப் பார்த்தார்.

அப்போதுதான் சென்னப்பன் கத்தினார்.

"அதான்!"

அது மண்டிக் குரல். அடிவயிற்றிலிருந்து எழும்பி, கூரையில் மோதித் திரும்பி வரும் குரல். அது போயே போய்விட்டது என்று மாதம்மாள் நினைத்திருந்தாள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. மறு நொடி அவர் சட்டத்தை விட்டுவிட்டுச் சுவரில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தார். யாரோ ஒரு பையன் ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். சௌமியா அவன் முன்னால் போய் நின்று, "வீடியோ எடுக்காதீங்க, ப்ளீஸ்," என்றாள். அவள் குரலும் உடைந்திருந்தது.

அவரை வெளியே கொண்டுவந்து மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அழுகை நிற்கவில்லை. சௌமியா பையிலிருந்து அட்டையை எடுத்து மடியில் வைத்தாள்.

"அப்பா, எதுன்னு தொட்டுக் காட்டுங்கப்பா."

சோறு. தண்ணீர். தலைவலி. விசிறி. சென்னப்பன் குனிந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். தேடுகிறார் என்று நன்றாகத் தெரிந்தது. விரல் ஒரு கட்டத்துக்குப் போய், தயங்கி, அடுத்ததற்குப் போய், அட்டையின் ஓரத்துக்கு வந்து காலியாக நின்றது. அட்டையை மெல்ல மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபத்தில் தள்ளிவிட்டிருந்தால் மாதம்மாளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"நீ அவுரைப் பாத்துக்கோ கண்ணு," என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே திரும்பிப் போனாள்.

காவல்காரர் படத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ராமப்பன் என்றும், இந்த வீட்டம்மாள் இருந்த காலத்திலிருந்து இங்கே வேலை என்றும் சொன்னார். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார்.

"மன்னிச்சிக்கோங்கண்ணா. அவுருக்கு உடம்பு சரியில்ல."

"பரவாகில்லம்மா. படத்துக்கு ஒண்ணியும் ஆவல."

"இது எந்த ஊரு ஏரிங்கண்ணா?"

ராமப்பன் கீழே ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். ஏரி, சாயங்காலம் என்று மட்டும் போட்டிருந்தது. வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தது.

"அம்மாவுரு எங்கியோ பழைய கடையில வாங்கினாங்க. அவுங்களுக்கே தெரியாது. எல்லாரும் முன்னாடி ரூம்ல நின்னுட்டுப் போயிடுவாங்க. இதை யாரும் நின்னு பாத்து நான் பாத்ததில்ல."

மாதம்மாள் நின்று பார்த்தாள். அவர் எங்கே பார்த்தாரோ அங்கே பார்க்க முயன்றாள். மரம் மரமாகத்தான் இருந்தது. சைக்கிளில் சீட்டு, கேரியர் எதுவும் சரியாகத் தெரியவில்லை. நடந்து போகிற பெண் இடுப்பில் எதையோ வைத்திருந்தாள். குடமோ குழந்தையோ, ஒரு தீற்றல்தான். எவ்வளவு நேரம் பார்த்தும் அவளுக்கு எதுவும் வரவில்லை. கடைசியில் ராமப்பனிடம் கேட்டு, தன் ஃபோனில் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் காட்டினாள். சென்னப்பன் ஃபோனை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, டிவி ரிமோட் என்று நினைத்தோ என்னவோ, தொலைக்காட்சிப் பக்கம் நீட்டினார். சௌமியா பெரிதாக பிரிண்ட் போட்டு அனுப்பினாள். அதையும் பார்த்துவிட்டுக் கட்டில்மேல் வைத்துவிட்டார்.

மாதம்மாளுக்குத் தூக்கம் போனது. சமைக்கும்போதும் அந்த ஏரிதான். பிறந்த ஊர் ஏரியா? அவர் ஊரில் ஏரியே இல்லை, கிணறுதான். சின்ன வயதில் நாகரசம்பட்டியில் மாமன் வீட்டில் தங்கி மாந்தோப்பில் காய் இறக்கப் போனார் என்று எப்போதோ கேட்டிருக்கிறாள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டதில்லை. அவர் மண்டியில் தொண்டை வற்றக் கத்திவிட்டு வீட்டுக்கு வருவார், பேசாமல் சாப்பிடுவார், படுத்துக்கொள்வார். பேச்செல்லாம் அங்கேயே செலவாகிவிடும். மாடு, கல்யாணச் செலவு, கரண்டு பில் என்று தேவைக்குப் பேசினார்கள், குறையில்லாமல்தான் வாழ்ந்தார்கள். இப்போது யோசித்தால் அவருக்குள் என்ன இருந்தது என்று அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஷேக் தாவூதைக் கூப்பிட்டாள். மண்டியில் சென்னப்பனோடு ஒன்றாக இருந்த தக்காளி வியாபாரி. வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து, பேசாத நண்பனிடம் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுப் போகிறவர். போட்டோவை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இப்பிடி ஏரி சூளகிரி பக்கமும் இருக்குது, மாலூர்லயும் இருக்குது, குப்பம் போற ரோட்லயும் இருக்குது அண்ணி. லாரி பின்னாடியே நானும் அண்ணனும் எவ்வளவு சுத்திருக்கோம். எதுன்னு சொல்றது?"

"எதாச்சும் ஏரியில எதாச்சும் நடந்துச்சா?"

"டயர் வெடிச்சிருக்குது. குளிச்சிருக்கோம். சாப்பிட்டிருக்கோம். அழுவுற மாதிரி ஒண்ணியும் நடக்கல."

மாதம்மாள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டேவிட்டாள். "பொம்பளை யாராச்சும் இருந்தாளா?"

தாவூத் திடுக்கிட்டார். "அய்யோ, அல்லா சத்தியமா, எனக்குத் தெரிஞ்சு கெடையாது அண்ணி."

எனக்குத் தெரிஞ்சு. அந்த வார்த்தை அவள் மனசில் முள்ளாகத் தங்கியது. ஆனால் இருந்தால்கூடத் தேவலை என்று பட்டது. ஒரு பெண் என்று தெரிந்தால் சண்டை போட ஒரு விஷயமாவது கிடைக்கும். எதுவுமே தெரியாமல் எதைப் பிடித்துக்கொள்வது?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்:

"அம்மா, இந்த மாதிரி வியாதில காரணமே இல்லாம அழுகை வரும், சிரிப்பும் வரும். மூளையில அடிபட்டதால அப்பிடி. அந்தப் படத்துல ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம்."

"இல்லம்மா. அவுரு என்னைப் பாத்து சொன்னாரு."

"இருக்கலாம்மா. நான் இல்லன்னு சொல்லல. நமக்குத் தெரிஞ்சிக்க வழி இல்லன்னுதான் சொல்றேன்."

வழி இல்லை என்பதை மட்டும் மாதம்மாளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு தடவை மறுபடியும் படத்தின் முன்னால் நிறுத்திப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். சௌமியாவுக்கு ஷிஃப்ட். தாவூத் தன் ஆம்னி வேனைக் கொண்டுவந்தார்.

ராமப்பன் அவர்களை அடையாளம் கண்டு முன்னால் வந்தார். மற்றவர்கள் அந்த நடைக்கு வராதபடி அவரே ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு வழியடைத்துவிட்டு, "பொறுமையா பாருங்க சாமி," என்றார். சென்னப்பன் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வந்தார். படத்தின் அருகில் வந்தார். தாண்டிப் போனார்.

"என்னாங்க, இங்க!" மாதம்மாள் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "இதைப் பாருங்க. அன்னிக்கு அழுதீங்களே. இது என்னாங்க?"

சென்னப்பன் படத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"சென்னப்பண்ணா, மாலூர் ஏரியா?" என்றார் தாவூத். "டயர் வெடிச்சுதே, அந்த எடமா? நாகரசம்பட்டியா? சொல்லுண்ணா, தலைய ஆட்டு போதும்."

சென்னப்பன் தலையாட்டினார். எதற்கென்று தெரியவில்லை. பிறகு ஜன்னல் வழியாக வெளியே கையைக் காட்டி, "அதான்," என்றார் சாதாரணமாக. போய் உட்காரலாம் என்கிறார் என்று மாதம்மாளுக்குப் புரிந்தது. இது மட்டும் புரிந்தது.

அவளுக்குள் எதுவோ அறுந்தது. "சொல்லுங்களேன்!" என்று இரண்டு கையாலும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறீங்க? நான் செத்தா யாருக்குச் சொல்லுவீங்க?"

சென்னப்பன் தடுமாறிப் பின்னால் சாய்ந்தார். தாவூத் தாங்கிப் பிடித்தார். சென்னப்பனின் முகத்தில் பயம் வந்தது, பிறகு அந்தப் பயம் எப்படியோ சிரிப்பாக மாறியது. சிரித்துக்கொண்டே இருந்தார். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வர, தோள் குலுங்கச் சிரித்தார். ராமப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாதம்மாள் சட்டையை விட்டாள். கசங்கிய இடத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"பயந்துட்டீங்களா?" என்றாள். "ஒண்ணும் இல்ல. வாங்க, வெளிய போலாம்."

வெளியே வெயில் இறங்கியிருந்தது. சென்னப்பனைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ரோஜாப் பாத்தியில் தோட்டக்காரப் பெண்கள் காய்ந்த பூக்களைக் கிள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களையே பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார். மாதம்மாளும் தாவூதும் கொஞ்சம் தள்ளிப் புல்லில் உட்கார்ந்தார்கள்.

மாதம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "தாவூத் தம்பி, மண்டியில அவுரு உங்ககிட்ட என்னாதான் பேசுவாரு? ஏலம் முடிஞ்சி, டீக் கடையில ஒக்காந்து இருப்பீங்களே. அப்ப என்னா பேசுவாரு?"

தாவூத் யோசித்தார். அவளுக்குக் கொடுக்க ஏதாவது அகப்படுமா என்று அவர் நிஜமாகவே தேடினார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"வெலைதான் அண்ணி," என்றார் கடைசியில். "நாள் பூரா வெலையத்தான் பேசுவோம். நாளைக்கு ஏறுமா எறங்குமான்னு."

மாதம்மாள் தலையசைத்தாள். ராமப்பன் கேட்டருகில் நின்று, மூடுகிற நேரமாகிவிட்டது என்று எல்லோருக்கும் கை காட்டினார். ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவளும் எழுந்து, வாசலில் விட்டிருந்த செருப்பை எடுத்துக்கொண்டு பெஞ்சருகில் போய்க் குனிந்து, சென்னப்பனின் வலது காலைத் தூக்கிச் செருப்புக்குள் வைத்தாள். அந்தக் கால்விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. சூடு வரும்வரை கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.